புயல் நிவாரணமும் அடங்கல் கணக்கும்

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலானது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஓரிரவில் தரைமட்டமாக்கிற்று. சாய்ந்த மரமொன்றுக்கு ரூ.600-ம், அதை வெட்டி அப்புறப்படுத்த ரூ.500-ம் கொடுப்பதாகச் சர்க்கார் விளம்பரப்படுத்தினர். ஹெக்டேருக்கு 175 மரம் வீதம் ரூ.1,92,500 ஆயிற்று. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாகுமாதலால் இத்தொகை போதாதென்பார் பலர். அது மெய்யே. எனினும் நிவாரணமென்பது போன மகசூலின் விலையன்று. மறுபடியும் சாகுபடி தொடங்குவதற்கு ஒரு கைத்தாங்கல். 1884-ஆம் வருஷத்துச் சட்டப்படி குடிகளுக்கு அளிக்கப்பட்ட தக்காவியோ திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகவே இருந்தது.

தொகையின் அளவைக் காட்டிலும் அதைக் கணக்கிடும் முறையே அதிக ஆலோசனைக்குரியது. அதிகாரிகள் பார்வையிடுமுன் மரத்தை அகற்றினால் நஷ்டத்திற்குச் சாட்சி இராதென்று குடியானவர் அஞ்சுவது இயல்பு. ஆகவே மரங்கள் வாரக்கணக்கில் கிடந்து மக்குகின்றன. மக்கிய தண்டிலேதான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும்; காயம்பட்டு நிற்கும் மரங்களின் வாடையை நாடிச் செந்நிறக் கூன்வண்டு வரும். புயலுக்குத் தப்பிய மரங்களும், புதிதாய் நடும் கன்றுகளும் இவற்றிற்கு இரையாகின்றன. நிவாரணத்திற்கான தணிக்கையே அடுத்த நஷ்டத்திற்கு வித்தாகலாமோ? கிராம நிர்வாக அலுவலர், அண்டை நிலத்தார் இருவர் முன்னிலையில் ஒரு வாரத்திற்குள் மரங்களை எண்ணிப் படமெடுத்துக் கையொப்பம் வாங்கிவிடின், அன்றே தோப்பைத் துப்புரவு செய்ய உத்தரவளிக்கலாம். மேலதிகாரிகள் பிற்பாடு தூர்களைப் பார்த்துச் சரிபார்த்துக் கொள்வது கடினமன்று.

நெற்பயிரின் விஷயம் வேறு. மகசூலில் 50 சதவீதம் பாழானாலொழிய நிவாரணமில்லை என்றிருந்த மத்திய சர்க்கார் விதி, 2015-ல் 33 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. நல்லதே. ஆனால் அத்தொகை யாருக்குப் போய்ச் சேருகிறது? நிலத்துக்குடையவர் யாரென்பதைப் பட்டா காட்டும். பயிரிட்டவர் யாரென்பதை அடங்கலே காட்டவேண்டும். குத்தகைதாரர் விதை, எரு, கூலி யாவும் தம் கைப்பொருளிட்டுச் செய்திருக்க, அடங்கலில் மிராசுதாரர் பெயரே இருந்தால் பணம் மிராசுதாரர் கணக்கிற்கே செல்லும். குத்தகைப் பாத்தியதையைப் பதிவு செய்ய 1969-ஆம் வருஷத்துச் சட்டம் இடமளித்தும், பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமென்னும் பயத்தால் நிலச்சுவான்தார்கள் பலர் இசைவதில்லை. அப்பயம் முற்றிலும் காரணமற்றதென்று சொல்வதற்கில்லை. என்றாலும், தாம் செலவிடாத பயிருக்காக வந்த தொகையைத் தாமே வைத்துக்கொள்வது எவ்விதத்திலும் நியாயமாகாது. இந்தப் பருவத்தில் பயிரிட்டவர் இன்னாரென்று மட்டும் ஒப்புக்கொள்ளும் சம்மதக் கடிதமொன்றை நிலக்காரர் எழுதிக் கொடுப்பதும், நிவாரணத்திற்கு அதுவே போதுமென்று சர்க்கார் ஏற்பதும் இருதரத்தார்க்கும் பாதகமில்லாத வழியாகும்.

இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே நிற்கும் பட்டாக்களும், பங்காளிகள் பிரித்துக்கொண்டும் மாற்றப்படாத கூட்டுப் பட்டாக்களும் இன்னொரு தொல்லை. இதற்குப் புயலையோ சர்க்காரையோ குறை கூறிப் பயனில்லை. பெயர் மாற்ற மனுவை மழைக்காலத்திற்கு முன்பே தாலூகா கச்சேரியில் கொடுத்துவிடலாம். கிராம அலுவலரும் கச்சேரியிலிருந்தபடியே போன வருஷத்து அடங்கலைப் பார்த்து எழுதாமல், பயிர் நிற்கும்போதே வயலில் இறங்கிப் பார்த்தல் வேண்டும். புயலடித்த பின்னர் எழுதும் கணக்கை ஊரார் நம்புவது அரிது.