விற்க மறுத்த சீமான். கட்டிக் காக்கும் மூன்று பெண்கள்

இத்தாலியில் உள்ள பழைய நகரம் பிளாரன்ஸ். அந்த நகரில் "அந்தினோரி" என்ற சீமான் குடும்பம் இருக்கிறது. திராட்சை மது தயாரிப்பது அவர்கள் தொழில்.

1385-ம் ஆண்டில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜியோவான்னி என்பவர், ஊர் மது வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். கொலம்பஸ் அமெரிக்காவைக் காண்பதற்கு 107 ஆண்டுகளுக்கு முன்பு! அந்த வியாபாரம் 26 தலைமுறையாக இன்றும் நடக்கிறது.

சுவரில் ஒரு துவாரம்

1506-ல் இவர்கள் நகரின் நடுவே ஒரு மாளிகை வாங்கினார்கள். மாளிகைச் சுவரில் ஒரு சிறு துவாரம் உண்டு. ஒரு குடுவை நுழையும்; அவ்வளவுதான். தெருவில் நிற்பவர் தட்டுவார். உள்ளே இருப்பவர் காலிக் குடுவையை வாங்கி நிரப்பிக் கொடுப்பார். தரகர் கிடையாது.

பிளாரன்சில் இப்படிப்பட்ட துவாரங்கள் நிறைய உண்டு. 1630-ல் பிளேக் பரவியபோது, ஆளை ஆள் தொடாமல் விற்க அவை உதவின. 2020-ல் கொரோனா வந்தபோதும், சில கடைக்காரர்கள் மூடிக் கிடந்த துவாரங்களைத் திறந்து விட்டார்கள்!

பாதி விளைச்சல் போயிற்று

முன்பெல்லாம் அந்த வட்டாரத்தில் நிலம் சீமானுக்கு, உழைப்பு குடியானவனுக்கு. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியானவர்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். 1964-ல் இத்தாலிய அரசாங்கம், புதிதாக வாரத்துக்கு விடுவதைத் தடை செய்தது. பல சீமான்களின் தோட்டங்கள் பாழாயின.

அந்த நேரத்தில், 1966-ல், பியேரோ அந்தினோரி பொறுப்பேற்றார். அவருக்கு வயது 28.

ஊர் மதுவுக்குக் "கியாந்தி" என்று பெயர். அதில் வெள்ளைத் திராட்சையும் சேர வேண்டும் என்பது சட்டம். சேர்த்தால் ருசி கெடுகிறது என்றார் பியேரோ. தமது "தின்யானெல்லோ" தோட்டத்து மதுவை, 1971-ம் ஆண்டு விளைச்சல் முதல், கியாந்தி என்ற பெயர் இல்லாமலே விற்றார். சட்டப்படி அது வெறும் "சாப்பாட்டு மது", கடைசித் தரம். விலையோ உயர்ந்த விலை! வாங்க ஆள் இருந்தது. பின்னாளில் சட்டமே மாறியது.

பாகம் பிரிந்தது

ஆனால் வெளிப்பகையை வென்றவருக்கு வீட்டுக்குள்ளே சோதனை. உடன்பிறந்தவர்கள் தங்கள் பங்கை விற்றார்கள். விட்பிரெட் என்ற ஆங்கிலேய பீர் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பணம் வரும், பேர் போகும். பழைய குடும்பத் தொழில்கள் பல இந்த இடத்தில்தான் முடிந்து போகின்றன. பியேரோ மீதியையும் விற்கவில்லை. கொடுத்த பங்கைத் திரும்ப வாங்கினார். 1991-க்குள் முழுச் சொத்தும் கைக்கு வந்துவிட்டது.

அவருக்கு ஆண் வாரிசு இல்லை. அல்பியேரா, அலெக்ரா, அலெசியா என்று மூன்று பெண்கள். "பெண்கள் என்ன செய்வார்கள்?" என்று ஊரார் கேட்கக்கூடிய தொழில்தான் இது. மூவரும் தொழிலுக்குள் வந்தார்கள். மூத்தவர் அல்பியேரா தலைவியானார்.

இத்தாலியச் சட்டப்படி, பிள்ளைகளுக்கு உள்ள பங்கை உயில் எழுதியும் மறுக்க முடியாது. தலைமுறை பெருகப் பெருக, பங்கும் சிதறும். ஒருவர் விற்றால் பழைய கதைதான். ஆகவே 2012-ல் கம்பெனியை ஒரு டிரஸ்டில் வைத்துவிட்டார்கள். 90 ஆண்டுக்கு விற்பனை என்ற பேச்சே கிடையாது.

விற்கும் ஆபத்து நீங்கியது. விற்பனைக்கு வந்த ஆபத்து வேறு. இத்தாலிய மதுவை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அந்த நாடு 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய மதுவுக்கு 15 சதவீத வரி போட்டது. அந்தினோரி குடும்பத்துக்குக் கலிபோர்னியாவிலும் தோட்டம் உண்டு. 2023-ல் அங்கே ஒரு பெரிய மதுக் கம்பெனியை முழுவதும் வாங்கினார்கள். அங்கே விளைவதற்கு இந்த வரி இல்லை. தின்யானெல்லோ மலைச்சரிவையோ கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அந்த மது வரி கட்டித்தான் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்க வேண்டியிருந்தது.