சைக்கிளுக்கும் லாரிக்கும் பகை எதற்கு?

துடியலூரை ஊடறுத்துச் செல்லும் மேட்டுப்பாளையம் ரோடு உழைப்பாளிகளின் ரோடு. நீலகிரிக்கு ஏறும் பஸ்ஸும், மண்டிக் காய்கறி ஏற்றிய லாரியும், உல்லாசப் பயணிகளின் காரும் இதே ரோட்டில்தான் பறக்கின்றன. இதன் ஓரத்தில்தான் ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். விவசாயத் தொழிலாளர்கள் புல்லுக்கட்டும் பால் கேனும் கட்டிக்கொண்டு மிதித்து வருகிறார்கள். மொபெட் பெருகிவிட்ட இந்நாளிலும் பெட்ரோலுக்குக் காசில்லாதவர்களுக்குச் சைக்கிளே துணை.

“கூட்டமாக வந்து ரோட்டையே அடைக்கிறார்கள்” என்கிறார் டிரைவர். “ஹாரன் அடித்து விரட்டுகிறார்கள், உரசிக்கொண்டு போகிறார்கள்” என்கிறார் சைக்கிள் தொழிலாளி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டையால் லாபம் யாருக்கு?

லாரி ஓட்டுபவரும் கூலிக்கு உழைப்பவர்தான். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வகுத்தது. ஆனால் சரக்கை விடியுமுன் சேர்க்கச் சொல்லும் முதலாளி அந்த வரம்பைப் பார்ப்பதில்லை. தூக்கம் கெட்ட டிரைவரும் அரை நைட் முடித்துத் திரும்பும் தொழிலாளியும் ஒரே இருட்டில் எதிர்ப்படுகிறார்கள். இருவரும் ஒரே வர்க்கத்தினர்.

கூட்டமாகப் போவதே சைக்கிளுக்குப் பாதுகாப்பு. தனிச் சைக்கிளைவிடக் கூட்டம் தூரத்திலேயே கண்ணில் படும். ஆனால் கூட்டத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகக் கூடாது. ரோடு குறுகினால் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். பெரிய கூட்டமானால் எட்டு, பத்துப் பேராகப் பிரிந்து இடையில் இடம் விடுங்கள். முந்தும் பஸ் ஒதுங்க வழி கிடைக்கும். அனுபவசாலி ஒருவர் முன்னாலும் ஒருவர் கடைசியிலும் வரட்டும். திரும்புமுன் கை காட்டுங்கள். இரவில் முன்னே விளக்கும் பின்னே சிவப்பு வில்லையும் கட்டாயம். லாரியைப் பிடித்துக்கொண்டு போவது வேண்டாம். லாரியின் இடது பக்கம், முன் சக்கரத்தை ஒட்டிய இடம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அது திரும்பும்போது அங்கே நுழைபவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

டிரைவர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சைக்கிளைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். தாராளமாக இடம் விட்டு முந்துங்கள். முதுகுக்குப் பின்னால் ஹாரனை அலற விடாதீர்கள்.

விபத்து நேர்ந்தால் காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது டிரைவரின் கடமை என்கிறது 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆவேசக் கூட்டத்தால் முடியாமற்போனால் விலக்கு அளிக்கிறது. ஆகவே டிரைவரை அடிக்கக் கை ஓங்காதீர்கள். அந்த அடி, உதவ வேண்டியவரை ஓடச் செய்கிறது. ரத்தம் சிந்திக் கிடப்பவர் நம் தோழர்.

வழியில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டா? 1971-ல் கேரளத்தின் கொரட்டியில் ஓர் ஆலைத் தொழிலாளி ஷிப்டுக்குச் சைக்கிளில் போனார். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, அதே ஆலையின் லாரி மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. வழக்கு கால் நூற்றாண்டு நடந்தது. அது வேலையினால் நேர்ந்த விபத்தல்ல என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது! 2010-ல்தான் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. விபத்து நடந்த நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பிருந்தால், வேலைக்குப் போகையிலும் வருகையிலும் நேரும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும் என்ற உரிமை வந்தது. இது எத்தனை தொழிலாளருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஆலை வாசலிலும் சங்கம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மேம்பாலம் கட்டிக் கார்களுக்கு வேகம் தந்தால் போதுமா? சைக்கிளுக்கு ஓரப் பாதை, எரியும் தெரு விளக்கு, ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில் போக்குவரத்துக் காவலர், டிரைவருக்கு ஓய்வு – இவையே நம் கோரிக்கைகள். ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், மோட்டார்த் தொழிலாளர் ஆகிய மூவரும் ஒரே மேடையில் நின்று இவற்றைக் கேட்கட்டும். ரோட்டில் ஒழுங்கு, உரிமையில் ஒற்றுமை – இதுவே நம் வழி!