வரைபு எவருக்கு உரியது?

தனியொருவர் ஆக்கிய அறிவியல் வரைபு மென்பொருளைத் திறந்தமூலச் சமூகத்திடம் கையளித்தால் ஆக்கியோன் பெயர் அழிந்துவிடும் என்பாருளர். இக்கூற்று சோம்பலின் மறுபெயரேயன்றி வேறன்று. திறந்தமூல உரிமங்கள் ஆக்கியோன் பெயரைக் காக்குமாறே விதிக்கின்றன.

வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த ஜோன் ஹன்டர், தம் தேவைக்கென எழுதியதே மெட்பிளொட்லிப். 2003இல் அதனைப் பொதுவில் வைத்தார், 2012இல் மறைந்தார். மென்பொருள் மறையவில்லை. 2019இல் கருந்துளையின் முதற்படத்தை வெளியிட்ட ஆய்வாளரும் அதனைக் கையாண்டனர். ஹன்டரின் பெயர் அழிந்ததா?

ஊவாவுக்கு இஃது எதற்கு என வினவுவோர் மீரியபெத்தையை நினைக்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் அங்கே மலை சரிந்து தோட்ட லயங்களைப் புதைத்தது. வரைபு மட்டும் மண்ணைத் தடுத்திராது, உண்மைதான். எனினும் மழையளவின் ஏற்றத்தைக் கண்ணாற் காண்பது மலைச்சரிவில் வாழ்வோரின் உரிமை; அதனைத் தமிழிற் காண்பதும் அவ்வாறே. மூலநிரல் மூடிய மென்பொருளில் தமிழைச் சேர்க்க விற்பவனின் தயவை நாடவேண்டும்.

பதுளையில் மாணவரொருவர் இதற்கென எழுதும் மென்பொருள் அவர் கணினியிலேயே கிடப்பின், அவர் பட்டம் பெற்றுச் செல்லும் நாளில் அதுவும் உடன்செல்லும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் இம்மலைகளுக்கிடையே இயங்குகிறது. அங்கு எழுதப்படும் வரைபு மென்பொருள்கள் உரிமத்தோடும் தமிழ் விளக்கத்தோடும் பொதுவில் வைக்கப்படல் வேண்டும். புள்ளி பெற்றபின் அலுமாரியில் உறங்குவதற்கு அவை பரீட்சை விடைத்தாள்கள் அல்ல.