கூரை மரம் நிர்வாகத்துடையது என்றால் வயரும் நிர்வாகத்தின் பொறுப்பே



லயத்தில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் "மின்னொழுக்கே காரணம்" என்று ஒரு வரி வரும். அத்தோடு கதை முடிந்துவிடும். ஒழுக்கு எந்த இடத்தில் ஏற்பட்டது, அதைப் பார்த்துத் திருத்த வேண்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

நமது லயங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் காலத்தில் குப்பி லாம்புக்காகக் கட்டப்பட்டவை. கரண்டு பிறகு வந்தது. அன்று ஒரு பல்புக்காக இழுத்த வயரில்தான் இன்று கேத்தல், ரைஸ் குக்கர், டீவி, அயன் எல்லாம் ஓடுகின்றன. 2,000 வொட் கேத்தல் ஏறக்குறைய 9 அம்பியர் எடுக்கும். கூடவே 1,000 வொட் அயனும் போட்டால் 13 அம்பியர். பல்பு வயர் அதைத் தாங்காது. பிளக் பொயின்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயராவது வேண்டும்.

அந்த வயர் போகும் வழியைப் பாருங்கள். பரணைத் தாங்கும் குறுக்கு மரத்தின் மேலே, தகரத்தை ஒட்டி, அடுப்புப் புகைக்கு நேராகப் போகிறது. காற்றில் தகரம் ஆடினால் வயர் தேய்கிறது. பலகைக்கு அடிக்கும் ஆணி வயருக்குள் இறங்குகிறது. மிச்சத்தை எலி பார்த்துக்கொள்கிறது. தோல் போன கம்பி தகரத்தில் பட்டால் கூரை முழுவதும் கரண்டு.

வேலை தெரிந்தவர் குறுக்கு மரத்தின் மேல் வயரைப் போடமாட்டார். மரத்தின் நடு உயரத்தில் துளையிட்டு அதனூடாகக் கொண்டுபோவார். மேல், கீழ் விளிம்புகளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளியிருந்தால் ஆணி எட்டாது. துளை, மரத்தின் உயரத்தில் நாலில் ஒன்றைத் தாண்டக்கூடாது. ஆறு அங்குல மரத்தில் ஒன்றரை அங்குலம், அவ்வளவுதான். சுவரில் ஊன்றும் முனைக்குக் கிட்டவோ, நீளத்தின் நடுப்பகுதியிலோ துளைத்தால் மரம் பலமிழக்கும். மரம் மெலிந்தது என்றால் துளைக்கவே கூடாது. குழாய்க்குள் விட்டுச் சுவரோடு கொண்டுபோக வேண்டும்.

இதை ஒரு தொழிலாளி தன் காம்பராவில் மட்டும் செய்துகொள்ள முடியுமா? காம்பராக்களின் நடுச்சுவர் பல லயங்களில் கூரை வரை எழும்புவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்குள்ளால் ஓடி முழு லயத்தையும் எரிக்கிறது. கடன்பட்டு நீங்கள் நல்ல வயர் போட்டாலும், பக்கத்துக் காம்பராவின் பழைய வயர் உங்கள் அடையாள அட்டையையும் பிள்ளையின் புத்தகத்தையும் சேர்த்தே சாம்பலாக்கும்.

"பில் உங்கள் பெயரில் வருகிறது, உள்வயரிங் உங்கள் வேலை" என்று நிர்வாகம் சொல்லலாம். இஸ்தோப்பைக் கொஞ்சம் நீட்டுவதற்கும் துரையிடம் அனுமதி கேட்கச் சொல்கிறவர்கள் அவர்கள். மரமும் தகரமும் அவர்களுடையவை, அதில் பிடிக்கும் தீ மட்டும் நம்முடையதா? 1992இல் தோட்டங்களை எடுத்த கம்பனிகள் தேயிலையோடு லயங்களையும் சேர்த்துத்தான் எடுத்தன.

"தனி வீடு வரப்போகிறது, லயத்துக்கு எதற்குச் செலவு?" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். தனி வீட்டுக் கோரிக்கையில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அந்த வீடு வரும்வரை நம் பிள்ளைகள் இந்தக் கூரையின் கீழ்தான் தூங்குகிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். காம்பரா காம்பராவாக அல்ல, லயம் லயமாக, தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு நிர்வாகச் செலவில் புதிய வயரிங் வேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும், கரண்டு ஒழுகினால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். நடுச்சுவரைக் கூரை வரை எழுப்ப வேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதமே லயம் லயமாகப் போய்ப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத காம்பரா, சூடாகும் பிளக், கருகிய வயர், உளுத்த மரம் ஆகியவற்றை எழுதுங்கள். கூரைக்குள் யாரும் கைவைக்க வேண்டாம். வயர் சூடானால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எழுதியதை நிர்வாகத்திடம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டைத் "தெரியாது" என்று தட்டிவிடலாம். கையொப்பம் வைத்து வாங்கிய கடிதத்தை அப்படித் தட்டிவிட முடியாது.