எறியப்படும் சவ்வு

ஆட்டுக்குடல் கழுவும்போது என் பாட்டி, அதோடு ஒட்டிவரும் சவ்வை இழுத்தெறிவார். அடுக்களையில் அது முறைதான். மருத்துவம் பயில வந்த நானும் உடற்கூற்றறையில் அதையே செய்தேன். குடல் தெளிவாகத் தெரியவேண்டும் என்ற ஆவலில், அதனை முதுகுச் சுவரோடு பிணைத்திருந்த சவ்வை வெட்டி ஒதுக்கினேன். குருதிக் குழாயும் நரம்பும் நிணநீர்க் குழாயும் குடலுக்குச் செல்லும் வழி அதுவே என்பதை எண்ணிப் பார்த்தேனில்லை.

இப்பிழை என் ஒருவனுடையதா? 1885இல் இலண்டனில் விரிவுரையாற்றிய பிரெடரிக் டிரீவ்ஸ், மனிதப் பெருங்குடலின் ஏறு பகுதிக்கும் இறங்கு பகுதிக்கும் பெரும்பாலும் இச்சவ்வு இல்லை என்றார். சவ்வு துண்டுதுண்டானது என்ற கருத்து நூல்களில் நெடுங்காலம் நிலைத்தது. அது அறுபடாத ஓர் உறுப்பே என்று அயர்லாந்தின் லிமெரிக் நகர அறுவை மருத்துவர் கால்வின் காஃபி 2016இல் வாதிட்டபோது பலரும் வியந்தனர்.

பிற உயிர்களோடு ஒப்பிட்டுக் கற்றிருந்தால் இவ்வியப்புக்கு இடமேது? முதுகெலும்பிகளின் கருவில் குடல் முதலில் ஒரு நேர்க்குழாய். முதுகுப்புறச் சவ்வு அதனைத் தாங்குகிறது. வயிற்றுப்புறச் சவ்வு பெரும்பாலும் மறைந்து, கல்லீரலை ஒட்டி மட்டும் எஞ்சுகிறது. சுறாவில் முதுகுப்புறச் சவ்விலும் இடைவெளி விழுகிறது. நாயின் குடலோ, தூலத்தில் கட்டிய தூளி போல முதுகெலும்பின் கீழ்த் தொங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதனில், பெருங்குடலின் இரு பக்கச் சவ்வும் வளர்ச்சியின்போது பின்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதை ‘இல்லை’ என்று எழுதிவிட்டோம்!

இது ஏட்டளவிலான வழக்கன்று, உயிர் பற்றியது. மலக்குடற் புற்றுநோயில், அதனைச் சூழ்ந்த சவ்வுத்திசுவைச் சிதைக்காமல் முழுமையாக அகற்றவேண்டும் என்று இங்கிலாந்தின் ஹீல்ட் 1982இல் வற்புறுத்தினார். மிச்சம் வைத்தால் நோய் அங்கேயே திரும்பக்கூடும். சவ்வை அறியாத கை, நோயை விட்டுவைக்கும் கை.

ஆகவே நண்பர்களே, நான் கேட்பது பெரிதன்று. மனித உடலைத் தொடுமுன், கால்நடை மருத்துவம் பயிலும் தோழரோடு அமர்ந்து ஆட்டின் வயிற்றையும் நாயின் வயிற்றையும் ஒருநாள் காண்போம். அதற்கெனப் பாடத்திட்டத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை. பெயர்களை உருப்போட்டுத் தேர்வில் வெல்லலாம். உடலை அறிய அது போதாது.

எறியுமுன், எறிவது எதுவென்று பார்ப்போமாக!