ஜெபம் ஒரு பேரமா?

ஆண்டுதோறும் தை பிறந்துவிட்டால் நம் பள்ளிச் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்திகள் பெருகத் தொடங்கும். மாசியில் இன்னும் கூடும். பங்குனியில் பொதுத்தேர்வு தொடங்கும் நாளன்று மாதா சுரூபத்தின் முன் வெளிச்சத்திற்குக் குறைவே இராது. தேர்வு முடிந்த மறுநாள் எட்டிப் பார்த்தாலோ, நற்கருணைப் பேழையின் அருகிலுள்ள சிவப்பு விளக்கு மட்டும் தனியே எரிந்துகொண்டிருக்கும். இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் இதைக் குறித்துச் சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம். ஜெபம் என்பது, வேண்டியது கைக்கு வரும் வரை கடவுளோடு நாம் நடத்தும் பேரமா?

"கணக்கில் தொண்ணூறு கிடைத்தால் கருமத்தம்பட்டிக்கு நடந்தே வருகிறேன்", "அறிவியலில் தப்பித்துவிட்டால் உண்டியலில் நூறு ரூபாய் போடுகிறேன்" என்று வேண்டிக்கொள்வோர் உண்டு. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கூட இதைவிடச் சற்று வெட்கப்பட்டுப் பேரம் பேசுவார் எனலாம். நேர்ச்சை செய்வது தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதாவிடம் கால்நடையாய்ச் செல்லும் பக்தர்கள் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஊரை நினைக்கும்போது இன்னொருவரையும் நினைக்க வேண்டும். மெல்கியோர் தெ மரியோன் பிரெசிய்யாக் என்ற பிரெஞ்சு நாட்டுக் குரு 1846-ஆம் ஆண்டு அங்குதான் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்பு 1850-இல் கோயம்புத்தூர் தனி மறைமாநிலப் பகுதியாக அமைந்தபோது அதன் முதல் ஆயரும் அவரே. இங்கிருந்து திரும்பிய பின் ஆப்பிரிக்காவில் மறைப்பணி செய்வதற்கென்றே 1856-இல் லியோன் நகரில் ஒரு சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. வந்து ஆறே வாரங்களில், ஜூன் 25-ஆம் நாள், இறந்துபோனார். அவருடைய ஆண்டுக்கணக்கான ஜெபத்திற்குக் கிடைத்த இலாபம் என்ன என்று கணக்குப் பார்த்தால், ஆறு வாரம். ஆயினும் அந்தச் சபை இன்றும் இருக்கிறது. 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது. பேரம் பேசுகிறவரால் இப்படி ஒரு வாழ்வு வாழ்ந்திருக்க முடியாது அல்லவா?

இதை எழுதுவதற்கு எங்களைத் தூண்டியது வேறொரு காரியம். எங்களோடு பயிலும் ஒரு தோழியின் அன்னை ஓராண்டுக் காலம் நோயுற்றிருந்தார். தோழி நாள் தவறாமல் ஜெபித்தாள். நாங்களும் அவளோடு சேர்ந்து நவநாள் செய்தோம். அன்னை இறந்துவிட்டார். இப்பொழுது அவள் சிற்றாலயத்துக்குள் வருவதில்லை. வாசற்படியில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிறாள். "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று பெரியவர்கள் அவளிடம் சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்து வயதில் தாயை இழந்தவளிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்வது சரியன்று என்பது எங்கள் கருத்து. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே, அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கெஞ்சினார்; அது நீங்கவில்லை. அவரே கேட்டுக் கிடைக்காத ஒன்று உண்டு என்றால், கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காக நம் தோழியின் ஜெபம் குறைவுள்ளதாகிவிடுமா? அவளுக்குச் சமாதானம் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் இருவர் முறை வைத்துக்கொண்டு வாசற்படியில் அவளுடன் உட்காருகிறோம். அதுவும் ஜெபத்தில் சேருமா என்று எங்கள் மறைக்கல்வி சிஸ்டரிடம் கேட்டோம். "அதுதான் ஜெபம்" என்றார்கள்.

நம் வயதில் ஜெபித்தவர் என்றால் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளைச் சொல்ல வேண்டும். அவர் தம் நான்காம் வயதில், 1877-இல், தாயை இழந்தவர். 1887-இல் பதினான்கு வயதுச் சிறுமியாக இருந்தபோது, மூன்று பேரைக் கொலை செய்ததாகத் தீர்ப்புப் பெற்ற பிரான்சினி என்பவனைப் பற்றிய செய்தி பிரான்சு முழுவதும் பேச்சாக இருந்தது. மனம் வருந்தாத அந்த மனிதனுக்காக, முகம் அறியாத அவனுக்காக, தெரேசம்மாள் ஜெபிக்கத் தொடங்கினார். அவன் மரண தண்டனையிலிருந்து தப்ப வேண்டும் என்று கேட்கவில்லை. மனந்திரும்ப வேண்டும் என்றுதான் கேட்டார். கொலைக்களத்தில் அவன் சிலுவையை வாங்கி மூன்று முறை முத்தமிட்டான் என்று பிறகு செய்தித்தாளில் படித்து அழுதார். மறு ஆண்டு ஏப்ரல் மாதம், சரியாக நம் வயதாகிய பதினைந்தில், கார்மேல் மடத்தில் சேர்ந்தார். இருபத்து நான்கு வயதில் இறந்த இவருக்கு 1997-இல் திருச்சபை மறைவல்லுநர் பட்டம் தந்தது. இவ்வளவு பெரிய புனிதை, தியான நேரத்தில் தமக்குத் தூக்கம் வந்துவிடுவதைத் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவர் மனம் உடைந்துபோகவும் இல்லை. தூங்கும் குழந்தையிடமும் பெற்றோருக்கு அன்பு குறைவதில்லை என்பது அவர் கண்ட ஆறுதல். அதிகாலைத் திருப்பலியில் கொட்டாவி விடும் நம்மைப் பார்த்து முறைக்கும் பெரியவர்கள் இதை அருள்கூர்ந்து படிக்க வேண்டும்!

தெரேசம்மாளிடம் நாங்கள் கற்றுக்கொள்ள விரும்புவது ஒன்று. செய்தித்தாளை அவர் ஜெபப் புத்தகமாக்கினார். நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். 1921 நவம்பரில் மலபார்க் கலகத்தில் பிடிபட்டவர்களில் ஏறத்தாழ நூறு பேரைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். காற்றுப் புகாத அந்தப் பெட்டி திறக்கப்பட்டது நம் போத்தனூர் நிலையத்தில்தான். அந்தப் பயணத்தால் உயிரிழந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். நவம்பர் மாதம் முழுவதும் இறந்த ஆன்மாக்களுக்காக ஜெபிக்கிறோம். கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கிறோம். நாள்தோறும் நாம் இரயில் ஏறும் இடத்தில் இறந்து கிடந்தவர்களை நினைத்து ஒரு பரலோக மந்திரம் சொன்னால் என்ன? யாரும் கேட்டுக்கொள்ளாத, நமக்கு ஒன்றும் திரும்பி வராத ஜெபம் அது. பேரப் புத்தியை மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்று நினைக்கிறோம்.

இனி நேரத்தைப் பற்றி. "எங்கே நேரம் இருக்கிறது?" என்பதுதான் எல்லார் வாயிலும் வரும் முதல் சொல். போத்தனூர் இரயில் ஊர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போட்ட இருப்புப்பாதை 1862-இல் இவ்வழியாகத்தான் முடிந்தது. கோவை நகருக்கே பாதை வந்தது 1873-இல். எங்களில் பலருக்குத் தாத்தாவோ தந்தையோ மாமாவோ இரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். இன்று மனம் வரவில்லை என்று சொல்லி அவர்களில் யாரும் சிக்னல் போடாமல் இருந்ததில்லை. வண்டி வரும் நேரத்தில் அவர்கள் அங்கே இருப்பார்கள், அவ்வளவுதான். ஜெபமும் அப்படியே ஒரு நேரத்தில் கட்டப்பட்டால்தான் நிற்கும். உள்ளம் உருகும்போது ஜெபிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் தேர்வுக் காலம் வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்னை தெரேசாவுக்கே பல ஆண்டுகள் உள்ளம் உருகவில்லை. 1946 செப்டம்பரில் டார்ஜிலிங் செல்லும் இரயிலில்தான் ஏழைகளிடம் போகும்படி ஆண்டவர் அழைப்பதை உணர்ந்தார். பின்பு நெடுங்காலம் கடவுள் அருகில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை என்பது 2007-இல் வெளிவந்த அவருடைய கடிதங்களால் உலகுக்குத் தெரிந்தது. ஆயினும் விடியற்காலையில் எழுந்து முழங்காலில் நின்றார். அந்தக் கடிதங்களைப் பற்றி அறிந்தபோது சிலர் அதிர்ச்சியடைந்தார்களாம். எங்களுக்கு அது பெரிய தைரியமாக இருக்கிறது.

பக்கத்து வீடுகளையும் பார்க்கலாம். விடியுமுன் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும்போது எங்கள் முஸ்லிம் தோழியர் எழுந்துவிடுகிறார்கள். இந்துத் தோழி ஒருத்தியின் அப்பத்தா, காய்ச்சல் வந்த நாளிலும் துளசி மாடத்துக்கு விளக்கு வைக்கத் தவறுவதில்லை. ஒருநாள் எங்களைப் பார்த்து, "உங்க சாமியைக் கும்பிட உங்களுக்கு நேரமில்லீங்களா, அம்மிணி?" என்று கேட்டார். அதற்கு எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இரவு ஜெபத்தைப் பற்றிச் சொல்லும்போது பெற்றோரிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தந்தை நைட் டூட்டி, தாய் மில்லிலிருந்து வரவே ஏழு மணி, தம்பிக்கு டியூஷன் எட்டரை வரை. எல்லோரும் கூடும்போது ஒன்பது அடித்துவிடுகிறது. அதற்குமேல் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் மன்றாட்டு மாலையும் என்றால், அருள் நிறை மந்திரத்தின் முதற்பாதியை ஒருவர் முடிக்குமுன் மற்றவர்கள் பிற்பாதியைத் தொடங்கிவிடுகிறார்கள். தம்பி தூண் மேல் சாய்ந்து தூங்கிவிடுகிறான். மாதா இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார்கள், ஆனால் சிரிக்கக்கூடும். எங்கள் கருத்து என்னவென்றால், நாள்தோறும் பத்து மணி போதும். ஆனால் அந்தப் பத்து மணியை நிதானமாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை முழு ஜெபமாலை சொல்வோம். "எங்கள் காலத்தில் முழங்காலிலேயே ஐம்பத்து மூன்றும் சொன்னோம்" என்று பாட்டிமார் சொல்வார்கள். உண்மைதான், பாட்டி. அந்தக் காலத்தில் டியூஷன் இல்லை, கைப்பேசியும் இல்லை.

பத்து மணி முடிந்ததும் ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது விருப்பம். மனப்பாட ஜெபங்கள் நம் முன்னோர் தந்த சொத்து, அவற்றை விடக்கூடாது. ஆனால் தந்தையார் தம் சொந்த வாயால் "ஆண்டவரே, இந்த மாதம் கடன் அடைய வேண்டும்" என்று சொல்லக் கேட்டால், பிள்ளைகள் மறுநாள் புதுச் செருப்புக் கேட்கமாட்டார்கள். ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் கவலை மற்றவருக்குத் தெரியாத குடும்பங்கள் எத்தனையோ!

சில வீடுகளில் பிள்ளைகள் சண்டையிட்டால், "போய்ப் பத்து அருள் நிறை மந்திரம் சொல்" என்று தண்டனை கொடுக்கிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். வீட்டைப் பெருக்கச் சொல்லுங்கள், பாத்திரம் கழுவச் சொல்லுங்கள். ஜெபத்தைப் பிரம்பாக்க வேண்டாம்.

கைப்பேசியைக் குற்றம் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் பதினைந்தே வயதில் 2006-இல் இறந்து, 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றவர். 2020-இல் கோவில்கள் மூடப்பட்டிருந்தபோது நாம் திருப்பலி கண்டதும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும்தானே? அவ்வாண்டு மார்ச்சு 27 அன்று மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று ஜெபித்ததை உலகமே பார்த்தது அப்படித்தான். ஆகவே கைப்பேசி கூடாது என்பதில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத் தொடுவதற்கு முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வோம் என்று எங்கள் வகுப்பில் பேசி முடிவு செய்திருக்கிறோம். எளிதாகத் தோன்றும், செய்து பாருங்கள், தெரியும்.

இன்னொரு காரியமும் தொடங்கியிருக்கிறோம். நண்பகல் மூவேளை ஜெபம் முடிந்ததும் அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒருத்தி ஒரு செய்தியை வாசிப்பாள்; அதில் வரும் யாரோ ஒருவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். பிற சமயத் தோழியரும் தாங்களாகவே எழுந்து நிற்கிறார்கள். தலைமை ஆசிரியை மதர் அவர்களிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்ட பின் பேருந்துக்காக அரை மணி நேரம் பலர் காத்திருக்கிறோம். அந்த அரை மணி நேரமும் சிற்றாலயம் திறந்திருக்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும். கதவின் கீலுக்குச் சற்று எண்ணெய் போட்டால் நலம். இப்பொழுது அது போடும் கூச்சலில், உள்ளே யார் நுழைந்தாலும் வாசற்படியில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தமின்றி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ள அவளுக்கும் ஒருநாள் தோன்றக்கூடும்.