புரியின் வளர்ச்சி யாருக்கு?

ஒடிசாவின் புரி நகருக்கு ஜகந்நாதர் ஆலயமும் கடலுமே வாழ்வாதாரம். 2019 மே மாதம் ஃபானி புயலால் சிதைந்த இந்நகரம், 2021-ல் நாள் முழுவதும் குழாயிலேயே குடிநீர் வழங்கும் நாட்டின் முதல் நகரமானது. 2024 ஜனவரியில் ஆலயத்தைச் சுற்றிப் பரிக்கிரமா வளாகம் திறக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் வளாகத்துக்காக மடங்களும் கடைகளும் இடிக்கப்பட்டதை மறந்துவிட முடியாது.

பக்தர்களின் வசதியை மட்டும் கருதும் திட்டம் முழுமையாகாது. டீசல், வலை, ஐஸ் விலை உயர உயர, கடற்கரை மீனவர் கையில் மிஞ்சுவது குறைகிறது. நில மதிப்பு ஏறினால் முதலில் வெளியேற நேர்வது வாடகைக்கு இருக்கும் சிறு வியாபாரிகளே. புயலைத் தாங்கும் வீடுகள், மீன் பதப்படுத்தும் வசதி, குறைந்த வாடகைக் கடைகள் ஆகியவற்றுக்கு மாநில அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும். விருந்தினருக்காக அலங்கரித்த வீட்டில் வீட்டாருக்கே இடமில்லை என்ற நிலை வரலாகாது.